பெனிஃபிட் எடுக்காத வீட்டுக்கும் கவுன்சில் வழியாகக் கிராண்ட்: எங்கே திறக்கும், எங்கே சிக்கும்

“அண்ணை, நாங்கள் பெனிஃபிட் ஒண்டும் எடுக்கேல்லை. எங்களுக்கு எங்க தரப்போறாங்கள்?”

இங்கிலாந்தில் வீட்டுக் குளிர், கேஸ் பில், லோஃப்ட் இன்சுலேஷன் என்று பேச்செடுத்தால் முதலில் வருகிற பதில் இதுதான். பேச்சும் அதோடு நின்றுவிடும். யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் வாங்குபவர்களுக்கு விண்ணப்பம் சுலபம் என்பது சரி. ஆனால் அவை எதுவும் வாங்காமல் சம்பளத்தில் ஓடும் குடும்பங்களுக்கென்றே கவுன்சில்கள் வழியாகத் தனிப் பாதைகள் உண்டு. அவற்றில் ஆள் தகுதி பாதி, வீட்டின் தகுதி மீதி. பெரும்பாலானோர் முதல் பாதியைத் தாண்டிவிட்டு இரண்டாவதில் சிக்குகிறார்கள். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது பேச வேண்டிய திட்டங்கள் இரண்டு. ஒன்று, வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட். இது அரசுப் பணம், கவுன்சில் கையால் செலவாகிறது; 2025 ஏப்ரலில் தொடங்கி 2028 மார்ச் வரை இங்கிலாந்தில் மட்டும். மற்றது ஈசிஓ4. இதில் பணம் பிரிட்டிஷ் கேஸ், ஆக்டோபஸ் போன்ற எரிசக்தி நிறுவனங்களுடையது. கவுன்சிலின் வேலை “இந்தக் குடும்பம் தகுதியானது” என்று எழுதிக் கொடுப்பது மட்டும். அந்தப் பாதைக்கு எல்ஏ ஃபிளெக்ஸ் என்று பெயர். ஈசிஓ4 2026 மார்ச்சில் முடிவதாக இருந்தது, அந்த ஆண்டு டிசம்பர் இறுதிவரை நீட்டினார்கள். கடைசிக் காலத்தில் நிறுவனங்கள் தங்கள் இலக்கை எட்டியதும் புது வேலை எடுக்க மாட்டார்கள். ஆகவே முதலில் தட்ட வேண்டிய கதவு லோக்கல் கிராண்ட்தான். கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் ஸ்கீம் என்று யாராவது இன்னும் சொன்னால், அது 2026 மார்ச்சோடு முடிந்த கதை.

அதற்கு முன் ஒரு சின்னக் குறுக்குக் கேள்வி: சைல்ட் பெனிஃபிட் வாங்குகிறீர்களா? நம்மில் பலர் அதைப் பெனிஃபிட் என்றே கணக்கெடுப்பதில்லை. ஈசிஓ4 எடுக்கிறது, வருமான வரம்போடு. கணவன் மனைவி சேர்ந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை என்றால் 27,500 பவுண்டு, இரண்டு என்றால் 32,300, மூன்று என்றால் 37,200, நான்கும் அதற்கு மேலும் 42,000. தனித் தாய் அல்லது தந்தை என்றால் முறையே 19,900, 24,800, 29,600, 34,500. மூன்று பிள்ளைகளோடு ஆண்டுக்கு 36,000 பவுண்டில் ஓடும் குடும்பம் ‘பெனிஃபிட் இல்லாத குடும்பம்’ என்று தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்வது இந்த ஓர் எண் தெரியாததால்தான்.

லோக்கல் கிராண்டுக்கு வருவோம். அதற்கு மூன்று வாசல்கள். முதலாவது உங்கள் போஸ்ட்கோட். வருமானம் குறைந்த பகுதிகள் என்று வகைப்படுத்திய இடங்களில், பத்துப் படிகளில் கடைசி இரண்டில் உங்கள் தெரு இருந்தால் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை. இரண்டாவது வாசல் பெனிஃபிட் வாங்குவோருக்கும், கீழே சொல்லப்போகும் ஃபிளெக்ஸ் அடையாளங்கள் உள்ளவர்களுக்கும். மூன்றாவது வருமானம்: வீட்டின் மொத்த ஆண்டு வருமானம், வரி பிடிப்பதற்கு முன், 36,000 பவுண்டுக்குள். அதைத் தாண்டினாலும் உடனே கைவிட வேண்டாம். மோர்ட்கேஜ் அல்லது வாடகையைக் கழித்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்துத் தகுதி சொல்லும் இன்னொரு கணக்கும் இதே வாசலில் உண்டு. பிள்ளைகள் அதிகம், மோர்ட்கேஜும் அதிகம் என்றால் கவுன்சிலிடம் “வீட்டுச் செலவு கழித்த கணக்கில் பாருங்கள்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் முதல் எண்ணைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

வருமானம் என்பது விண்ணப்பிப்பவரின் சம்பளம் மட்டும் அல்ல, வீட்டில் வாழும் பெரியவர்கள் எல்லாருடையதும் சேர்ந்தது. அப்பா 27,000, அம்மா பகுதிநேர வேலையில் 7,500 என்றால் மொத்தம் 34,500. ஈசிஓ4 ஃபிளெக்ஸின் வருமான வரம்பு 31,000 பவுண்டுக்குக் கீழ். அங்கே இந்தக் குடும்பம் தோற்கும், லோக்கல் கிராண்டில் தேறும். அதே வீட்டில் 22,000 சம்பளம் வாங்கும் மகனும் இருந்தால் 56,500 ஆகிவிடும், வருமான வாசல் அநேகமாக மூடிவிடும். அப்போது மிச்சம் இருப்பவை போஸ்ட்கோட்டும் ஃபிளெக்ஸ் அடையாளங்களும்தான்.

காகிதங்களில் நம்மவர்கள் மாட்டும் இடங்கள் தனி ரகம். கேட்பது வழக்கமாகக் கடைசி மூன்று மாதப் பேஸ்லிப் அல்லது பி60 (ஆண்டு முடிவில் முதலாளி தரும் சம்பள-வரித் தாள்), வங்கி ஸ்டேட்மென்ட், கவுன்சில் டாக்ஸ் பில், வீடு யார் பெயரில் என்பதற்கு ஆதாரம். சொந்தத் தொழில் என்றால் எஸ்ஏ302 என்ற வரிக் கணக்குத் தாள். ஸ்டேட்மென்டில் திடீரென்று 10,000 பவுண்டு சீட்டுக் காசு வந்து விழுந்திருந்தால் கேள்வி வரும். அது சம்பளம் இல்லை, சேர்த்த காசு திரும்பி வந்தது என்பதை, ஸ்டேட்மென்டில் மாதாமாதம் சீட்டுக் கட்டிய பதிவுகளையும் அடையாளமிட்டு, விண்ணப்பத்தோடேயே ஒரு குறிப்பாக எழுதிவிடுவது நல்லது. கையில் வாங்கும் காசை மறைத்துப் பேஸ்லிப்பை மட்டும் காட்டும் யோசனை வேண்டாம். கையெழுத்திட்டுத் தருகிற அறிவிப்பு அது, பொய் என்றால் மோசடி.

பெயர் இன்னொரு தொல்லை. பேஸ்லிப்பில் முதலெழுத்தோடு ஒரு பெயர், வீட்டு உரிமையைப் பதியும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் அப்பா பெயர் பின்னால், கவுன்சில் டாக்ஸில் கணவர் பெயர் குடும்பப் பெயராக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று பாஸ்போர்ட் நகலோடு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைவிடப் பெரிது, மோர்ட்கேஜ் கிடைக்காத காலத்தில் அண்ணன் பெயரில் வாங்கிய வீடு. நீங்கள் எத்தனை வருடம் தவணை கட்டியிருந்தாலும் பத்திரத்தில் அண்ணன்தான் உரிமையாளர். உங்களை வாடகைக் குடியிருப்பாளர் போலத்தான் நடத்துவார்கள், அவருடைய எழுத்து ஒப்புதல் வேண்டும். அவருக்கு வேறு வாடகை வீடுகளும் இருந்தால் இன்னொரு கணக்கு: லோக்கல் கிராண்டில் ஒரு லேண்ட்லார்டுக்கு ஒரு வீடுதான் முழு இலவசம், அடுத்தவற்றுக்குப் பாதிச் செலவை அவர் தர வேண்டும். லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் என்றால் ஃப்ரீஹோல்டரின் சம்மதமும் சேரும், அதற்கு மாதங்கள் பிடிக்கும். ரெஜிஸ்ட்ரியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை 7 பவுண்டு கட்டி இணையத்தில் எடுத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இனி ஃபிளெக்ஸ் பாதைகள். ரூட் 1 அந்த 31,000 பவுண்டு வரம்பு. சொந்த வீடு என்றால் ஈபிசி (ஏ முதல் ஜி வரை எழுத்தால் தரம் சொல்லும் வீட்டின் எரிசக்திச் சான்றிதழ்) டி முதல் ஜி வரை, வாடகை வீடு என்றால் ஈ முதல் ஜி வரை. ரூட் 2-இல் வருமான வரம்பே இல்லை, ஆனால் வீடு ஈ, எஃப், ஜி தரத்தில் இருக்க வேண்டும், சில அடையாளங்களில் இரண்டு பொருந்த வேண்டும்: நலிந்த பகுதியில் வீடு, வருமானம் குறைவு என்பதற்காகக் கிடைக்கும் கவுன்சில் டாக்ஸ் கழிவு, அதே காரணத்துக்காகப் பள்ளியில் இலவச உணவு, கவுன்சிலின் ஏதாவதோர் உதவித் திட்டத்தில் இருப்பது, பில் கட்டத் திணறுவதாக எரிசக்தி நிறுவனமோ சிட்டிசன்ஸ் அட்வைஸோ அனுப்பிய பரிந்துரை, குளிர் வீட்டில் ஆபத்துக்கு உள்ளாவோர் என்று நைஸ் என்ற சுகாதார வழிகாட்டல் அமைப்பு வகுத்த பட்டியலில் ஒருவர் வீட்டில் இருப்பது. அந்தக் கடைசிப் பட்டியல் விசாலமானது. 65 வயதை எட்டியவர், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா, இதய நோய், மனநலக் குறைபாடு, மாற்றுத்திறன் எல்லாம் அதில் வரும். ஆனால் நலிந்த பகுதியும் நைஸ் பட்டியலும் ஒன்றுக்கொன்று சோடி சேராது. “நாங்கள் இருக்கிற இடமும் பின்தங்கிய இடம், அப்பாவுக்கும் எழுபது வயது” என்பது இரண்டு ஆகாது. மூன்றாவதாக ஒன்று தேட வேண்டும்.

இலவச உணவில்தான் தவறு அதிகம். ரிசெப்ஷன், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் எல்லாருக்கும் இலவசம்; லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசுப் பணத்தில் நடக்கும் ஆரம்பப் பள்ளிகளில் மீதி வகுப்புகளுக்கும் மேயர் தருகிறார். இவை எதுவும் கணக்கில் வராது. வருமானம் பார்த்துத் தரப்பட்டதாகப் பள்ளியோ கவுன்சிலோ எழுதித் தர வேண்டும். கவுன்சில் டாக்ஸிலும் இதே கதை: தனியாள் என்பதற்கான 25 சதவீதத் தள்ளுபடி செல்லாது.

விசாவில் ‘பொது நிதி கூடாது’ என்ற நிபந்தனை உள்ளவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். சைல்ட் பெனிஃபிட்டும் கவுன்சில் டாக்ஸ் கழிவும் அந்தப் பொது நிதிப் பட்டியலில் உள்ளவை. கிராண்டுக்கு வழி கிடைக்கும் என்று புதிதாக அவற்றுக்கு விண்ணப்பித்து விசாவைச் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டாம். வருமான வாசல் வழியாக வரப் பாருங்கள். கையெழுத்துக்கு முன் குடிவரவு ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரூட் 3 மருத்துவ வழி. இதய நாளம், சுவாசம், நோய் எதிர்ப்புக் குறைவு, நடமாட்டக் குறைவு ஆகியவற்றில் ஒன்று உள்ளவர் வீட்டில் இருந்து, குடும்பம் வருமானம் குறைந்தது என்றும் ஜிபியோ (குடும்ப மருத்துவர்) மருத்துவமனையோ பரிந்துரைக்க வேண்டும். ஜிபி சர்ஜரியில் இதற்கு நேரம் எடுக்கும். வெறும் மருந்துச் சீட்டை நகலெடுத்து அனுப்புவது பரிந்துரை ஆகாது.

எந்தக் கவுன்சில் எந்த ரூட்டை எடுக்கிறது என்பது அந்தந்தக் கவுன்சிலின் விருப்பம். ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் இன்டென்ட்’ என்ற ஆவணத்தை அவர்கள் தங்கள் தளத்தில் போட்டிருக்க வேண்டும். அதன் தேதியையும் உள்ளே குறிப்பிட்ட ரூட்களையும் வாசித்துவிட்டு மின்னஞ்சல் எழுதினால், அரைப் பக்கத்தில் காரியம் முடியும். லோக்கல் கிராண்டுக்கு கவ்.யூகே தளத்தில் கேள்விப் படிவம் இருக்கிறது. போஸ்ட்கோட், ஈபிசி, வருமானம், சொந்தமா வாடகையா என்று கேட்டு உங்கள் கவுன்சிலுக்கு அதுவே அனுப்பிவிடும்.

இனி வீட்டின் பாதி. கவுன்சில் தகுதிக் கடிதம் கொடுத்த பிறகும் ஈசிஓ4 நிறுவனம் போனை எடுக்காமல் விடுவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ஈபிசி எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் உண்டு: டி என்பது 55 முதல் 68 வரை, ஈ 39 முதல் 54, எஃப் 21 முதல் 38, ஜி அதற்கும் கீழே. ஈசிஓ4-இல் டி, ஈ வீடுகள் சி-க்கு ஏற வேண்டும்; எஃப், ஜி வீடுகள் குறைந்தது டி-க்கு ஏற வேண்டும். நிறுவனத்துக்குக் கிடைக்கும் தொகை, வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள எண்ணையும் வீட்டின் பரப்பையும் வைத்துக் கணக்காகிறது. பரப்புக்கு நான்கு படிகள்: 72 சதுர மீட்டர் வரை, 73 முதல் 97, 98 முதல் 199, 200-க்கு மேல். 67-இல் நிற்கும் சின்ன மாடிவீட்டில் ஏற வேண்டிய தூரம் இரண்டே புள்ளி, பணம் சொற்பம். வேலையாள் கூலிக்கே காணாது. 70 சதுர மீட்டர் வீட்டை விட்டுவிட்டு, 98-ஐத் தாண்டிய பக்கத்து வீட்டுக்கு ஓடுவார்கள். இதில் உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை.

லோக்கல் கிராண்ட் இந்தக் கணக்கில் ஓடுவதில்லை. இன்சுலேஷன், சோலார் போன்றவற்றுக்குச் சராசரியாக 15,000 பவுண்டு, ஹீட் பம்ப் போன்ற புகையில்லா வெப்பத்துக்குச் சராசரியாக இன்னொரு 15,000 என்று கவுன்சிலுக்கு ஒதுக்கீடு. சராசரி என்பதைக் கவனியுங்கள், உங்கள் வீட்டுக்கு அவ்வளவு வரும் என்ற பொருள் இல்லை. இதில் கேஸ் பாய்லர் கிடையாது. இந்தக் கிராண்டில் “இலவசப் பாய்லர்” என்று வாசலில் வந்து சொல்பவர் வேறு எதையோ விற்கிறார்.

ஈபிசி பத்து வருடம் செல்லும். அதனால் பழைய சான்றிதழ் உண்மை வீட்டைச் சொல்லாமல் இருக்கலாம். அளக்க வரும் ரெட்ரோஃபிட் அசெசர் புதிதாகவே எண் போடுவார். இதில் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும் தவறு ஒன்று: விண்ணப்பிப்பதற்கு முந்தைய மாதம் சொந்தச் செலவில் லோஃப்டில் இன்சுலேஷன் கம்பளம் விரித்து, பல்பு எல்லாம் எல்இடி ஆக்கி, 66-இல் இருந்த வீட்டை 69-க்கு ஏற்றி சி ஆக்கிக்கொள்வது. சி ஆன வீட்டுக்கு இரண்டு திட்டமும் இல்லை. முதலில் விண்ணப்பம், பல்பு அப்புறம்.

சுவர் எந்த வகை என்று நீங்களே வெளியே நின்று பார்க்கலாம். செங்கல் எல்லாம் நீளவாட்டில் தெரிந்தால் நடுவில் இடைவெளி உள்ள கேவிட்டி சுவர். நீளம், குட்டை, நீளம், குட்டை என்று மாறி மாறி வந்தால் திடச் சுவர். பூச்சு பூசியிருந்தால் முன்கதவு நிலையில் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள், 260 மி.மீ-க்கு மேல் என்றால் அநேகமாகக் கேவிட்டி. கேவிட்டியை நிரப்புவது அரை நாள் வேலை. திடச் சுவருக்கு உள்ளிருந்தோ வெளியிலிருந்தோ பலகை ஒட்ட வேண்டும்; அது வாரக் கணக்கு, சங்கடமும் அதிகம்.

லோஃப்டை வேலையாட்கள் வரும் முன் காலி செய்து வையுங்கள். கல்யாண ஆல்பம், பெரிய அண்டா, ஊரிலிருந்து வந்த பெட்டி எல்லாம் கீழே இறங்கினால்தான் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும். கனம் 270 மி.மீ: மரச்சட்டங்களுக்கு நடுவே 100, அவற்றின் குறுக்கே 170. சட்டத்தின் மேல் நேரே பலகை அடித்த லோஃப்டில் அந்த 170-க்கு இடமில்லை. பலகையைக் கழற்ற வேண்டும், அல்லது கால் வைத்து உயர்த்த வேண்டும். கம்பளத்தை நசுக்கிப் பலகையை மேலே போட்டால் பலன் போய்விடும். கூரை ஓரத்தில் காற்று போக 50 மி.மீ இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூலை வரை திணித்து அடைத்தால் அடுத்த குளிரில் கூரை மரத்தில் நீர் கோர்க்கும். எலெக்ட்ரிக் ஷவருக்குப் போகும் தடித்த வயர் கம்பளத்துக்கு அடியில் புதைந்தால் சூடேறும், அதை மேலே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கம்பளம் வைக்கக்கூடாது, கீழிருந்து வரும் வெப்பம்தான் உறையாமல் காக்கிறது. தொட்டியின் பக்கங்களுக்கும் மூடிக்கும் குழாய்களுக்கும் உறை வேண்டும்.

அடுத்தது காற்றோட்டம். “குளிருக்குத்தானே இன்சுலேஷன் கேட்டோம், கதவை ஏன் அறுக்கிறார்கள்” என்று எல்லா வீட்டிலும் சண்டை வரும் இடம். வீட்டை இறுக மூடினால் ஈரம் வெளியே போக வழி வேண்டும், இந்த வகை வீட்டு வேலைகளுக்கான பாஸ் 2035 என்ற தர விதி அதைக் கட்டாயமாக்குகிறது. குளியலறை ஃபேன் வினாடிக்கு 15 லிட்டர் இழுக்க வேண்டும். சமையலறையில் அடுப்புக்கு மேல் என்றால் 30, வேறு சுவரில் என்றால் 60. உள்கதவுகளின் அடியில் சுமார் 10 மி.மீ இடைவெளி, ஜன்னலில் டிரிக்கிள் வென்ட் எனப்படும் சின்னக் காற்றுத் துளை. நம் சமையலறைக்கு இது உபரி இல்லை. மூன்று விசில் குக்கர், தாளிப்பு, பொரியல், குளிர்காலத்தில் ரேடியேட்டரில் காயும் துணி என்று ஒரு நாளில் வீட்டுக்குள் இறங்கும் ஈரம் கொஞ்சமல்ல. அடுப்புக்கு மேல் ஏற்கெனவே ஹூட் இருக்கிறது என்று ஃபேனை மறுக்காதீர்கள். கரி ஃபில்டரில் வடிகட்டி அதே காற்றைத் திரும்ப அறைக்குள் விடும் ஹூட் கணக்கில் சேராது. குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறதா என்பதே கேள்வி.

வெளிச்சுவர் இன்சுலேஷனில் மட்டும் கண்ணை விரித்து வைத்திருங்கள். தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் தந்த அறிக்கையின்படி, ஈசிஓ4, கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் ஸ்கீம் இரண்டிலும் வெளிச்சுவர் வேலை செய்த வீடுகளில் 98 சதவீதத்துக்குத் திருத்த வேண்டிய பெரிய குறைகள் இருந்தன, 22,000-க்கும் மேற்பட்ட வீடுகள். உள்சுவர் வேலையில் 29 சதவீதம். ஆகவே சாரக்கட்டை இறக்கும் முன் ஏறிப் பார்ப்பவரோடு, முடியாவிட்டால் போனில் படமெடுக்கச் சொல்லி, சில இடங்களைச் சரிபாருங்கள். பலகையின் மேல்விளிம்பு கூரை ஓரத்தோடு சேரும் இடத்தில் இடைவெளி இருக்கிறதா? மழை முதலில் அங்கேதான் இறங்கும். ஜன்னலின் கீழ்விளிம்பை (சில்) சுவரின் புதுக் கனத்துக்கும் வெளியே நீட்டியிருக்கிறார்களா? மழைநீர்க் குழாயைக் கழற்றி மாட்டினார்களா, அல்லது அதைச் சுற்றிப் பலகையை வெட்டினார்களா? பாய்லர் புகைக்குழாயும் பழைய காற்றுத் துளைகளும் மூடாமல் இருக்கின்றனவா? இதற்குப் பிறகு டிஷ் ஆன்டெனா ஆளைக் கூப்பிட்டு அந்தச் சுவரில் நாலு துளை போட விட்டீர்கள் என்றால், உத்தரவாதத்தில் கை வைக்கிறீர்கள் என்று பொருள்.

கதவைத் தட்டி, டேப்லெட்டில் விரலால் கையெழுத்து வாங்குபவரிடம் நிறுவனத்தின் டிரஸ்ட்மார்க் (அரசு அங்கீகரித்த தரப் பதிவு) எண்ணைக் கேட்டு, டிரஸ்ட்மார்க் தளத்தில் அந்தப் பெயரும் முகவரியும் ஒன்றா என்று பாருங்கள். கவுன்சிலின் பெயரைச் சொன்னால் கவுன்சிலுக்கே போன் செய்து கேளுங்கள். சர்வே முடிந்ததும், முழு வேலையையும் மேற்பார்க்கும் ரெட்ரோஃபிட் கோ-ஆர்டினேட்டர் யார், அவருடைய பெயரும் எண்ணும் என்ன என்று எழுதி வாங்குங்கள். வேலை செய்தவன் வேறு, குறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வேறு என்று பின்னர் பந்தாடுவதை அது குறைக்கும்.

வேலை முடிந்த அன்று கையெழுத்துக் கேட்பார்கள். கேட்டவுடன் போடாதீர்கள். உத்தரவாதப் பத்திரம் (கேவிட்டி என்றால் வழக்கமாக 25 வருடம்), ஃபேன் இழுக்கும் அளவைச் சோதித்த தாள், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், புது ஈபிசி ஆகியவை கைக்கு வரட்டும். குளியலறை ஃபேனைப் போட்டு, ஒரு டிஷ்யூ தாளை அதன் முகத்தில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது. கீழே விழுந்தால், ஆள் வேனை எடுக்கும் முன் கூப்பிடுங்கள்.